கங்காணி வீட்டுக் கற்றாழை

சுங்கை ஊடாங் தோட்டம்
12-2-1934

அன்புள்ள வேலாயிக்கு,

நான் சுகம். உன் அக்கா சுப்பம்மா வீட்டுச் சாப்பாட்டில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் தேறியிருப்பீர்கள். மலாக்கா போனதும் என்னை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. ஒரு வரி பதில் இல்லை.

இங்கே மழையே இல்லை. கூலி லயத்துக் கிணற்றில் சேறுதான். பாடத்துக்காக உம்பாய்க் கடற்கரையிலிருந்து சப்பாத்திக்கள்ளி கொண்டுவந்தேன். "இலை மாதிரி இருக்கிறதே, அதுதான் தண்டு. தண்ணீரை அதில் சேர்த்துக்கொள்கிறது. இலையெல்லாம் முள்ளாகிவிட்டது" என்றேன். பிள்ளைகள் நம்பவில்லை. உன் அப்பா வீட்டு வாசல் நிலைக்கு அழைத்துப்போய், திருஷ்டிக்குத் தலைகீழாகக் கட்டிய கற்றாழையைக் காட்டினேன். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் பச்சையாகத் தொங்குகிறது! "உள்ள எம்புட்டுத் தண்ணி இருக்கும் வாத்தியாரே?" என்று முத்தாயி மகள் இருசம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

உன்
சேகரன்

மலாக்கா
20-2-1934

அன்புள்ள அத்தானுக்கு,

மறக்கவில்லை, கால் வீங்கி உட்கார முடியவில்லை. அப்பாவின் கோபம் உங்களுக்குத் தெரியாது. பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வேலாயி

சுங்கை ஊடாங் தோட்டம்
26-2-1934

வேலாயி,

உன் கடிதம் வருவதற்குள் நடந்துவிட்டது. இருசம்மாள் முக்காலி போட்டு ஏறி, அந்தக் கற்றாழையில் ஒரு மடலை அறுத்திருக்கிறாள். உன் அப்பா பார்த்துவிட்டார். "என் குடும்பத்தையே அறுத்துட்டியேடி!" என்று ரோத்தான் பிரம்பால் விளாசினார். நான் ஓடிப்போனபோது பிள்ளை முதுகெல்லாம் ரத்தம். பிரம்பு முறிந்ததும் விறகுக்கட்டையை எடுத்தார். அவள் கை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

கட்டையைப் பிடுங்கினேன். "மருமவன்னு பாக்கமாட்டேன்டா" என்று வாயில் குத்தினார். இரண்டு பல் போயிற்று. நானும் அடித்தேன், வேலாயி. மண்டை உடைந்த பிறகும் அடித்தேன். ரப்பர் பால் வெட்டப் போன ஜனங்கள் வந்துதான் பிரித்தார்கள்.

போலீஸில் எல்லாம் சொன்னேன், நான் அடித்ததையும். தோட்டத்துத் தொரை என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். கங்காணிக்கு எதிராகச் சாட்சி சொல்ல முத்தாயி பயப்படுகிறாள். உன் அப்பாவுக்கு எதிராகக் கூண்டில் நிற்கப்போகிறேன். இனி என்னோடு வாழ முடியாது என்றால் எழுதிவிடு. உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

சேகரன்

மலாக்கா
4-3-1934

அன்புள்ள அத்தானுக்கு,

அப்பா நேற்று தலையில் காயக்கட்டோடு வந்தார். "ஒம் புருசன் சாட்சிய மாத்திச் சொல்லணும். இல்ல, தாலியக் கழட்டிட்டு என்னோட வா" என்றார். "அந்தப் புள்ள கை எப்படி இருக்குப்பா?" என்று கேட்டேன். அறைந்தார். வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். மறுபடி ஓங்கினார். அக்கா அரிவாள்மணையோடு வந்த பிறகுதான் படியிறங்கினார்.

எங்கள் அம்மா சாகும்வரை வலது கையை நீட்ட முடியாமல் இருந்தார். வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லாரிடமும் சொல்வோம். நீங்கள் கேட்ட சத்தத்தை நான் ஏழு வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

வழக்கன்று கோர்ட்டுக்கு வருவேன். பேறுகாலம் நெருங்கிவிட்டதென்று அக்கா திட்டுகிறாள், திட்டட்டும். முத்தாயி அக்காவுக்குப் பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். அக்கா பின்னறையை நமக்கு ஒழித்துத் தந்துவிட்டாள். துணிமணியும் உங்கள் புத்தகங்களும் கொண்டுவந்தால் போதும். அப்பா வாங்கித் தந்த கட்டில் அங்கேயே கிடக்கட்டும்.

உங்கள்
வேலாயி