பழைய லாரிக்கு வாங்கிய பிஸ்டன் ரிங்

புரட்டாசி, செவ்வாய்

இடஒதுக்கீட்டு மறியலில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் உளுந்தூர்பேட்டை போய் லாரிக்குப் பிஸ்டன் ரிங் வாங்கி வந்தேன். சேரவில்லை.

மெக்கானிக் காசிம் பாய் சிரித்தார். "இன்னா மொதலாளி, மாமனார் அளவைக் குட்த்து மாப்ளைக்கு சட்டை தச்சினு வந்துகிறீங்களே!"

ஆர்.சி. புத்தகத்தைக் காட்டித்தான் வாங்கினேன். அதில் பதிவாகியிருப்பது பழைய இன்ஜின். நாலு வருஷத்துக்கு முன் உடைசல் லாரி ஒன்றின் இன்ஜினை மலிவாகப் பிடித்து மாட்டியவன் நான்தான். அலைச்சலுக்குப் பயந்து புத்தகத்தில் ஏற்றவில்லை. தேய்ந்த ரிங்கையாவது கையோடு கொண்டுபோயிருக்கலாம்.

மலைமேல் கரியாலூரில் விவசாயி வெள்ளையன் எனக்காகச் சாமையை மூட்டை கட்டிக் களத்தில் வைத்திருக்கிறார். மலையில் மழை வேறு. நனைந்தால் முளைத்துவிடும்.

"மறியல்னு சொல்லி அனுப்புங்க, நம்பிப்பாரு" என்றார் பாய்.

நம்புவார். அதுதான் உறுத்துகிறது. மறியல் முடிந்ததும் வருவேன் என்று காத்திருப்பார். மலைப்பாதையில் மறியல் இல்லை. வேறு வியாபாரி வண்டியோடு வந்தாலும் எனக்குச் சொன்ன சொல்லுக்காகத் திருப்பி அனுப்பிவிடுவார். என் வண்டி படுத்துவிட்டது, வருகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று காலையில் ஆள் அனுப்ப வேண்டும். அப்புறம் அடுத்த விளைச்சலுக்கு என்னைத் தேடுவாரா? தேடமாட்டார் என்றே தோன்றுகிறது. அனுப்பத்தான் வேண்டும்.