கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஓர் உண்ணி

ஜூன் 3, செவ்வாய்
இன்று கடைக்குக் குளிக்க வந்த சடை நாய்க்கு உடம்பெல்லாம் உண்ணி. காது மடலுக்குள் கொத்துக் கொத்தாக. இடுக்கியால் பிடுங்கிப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். ஒன்று நசுங்கி என் முகத்தில் தெறித்தது. சீ! நாய் குளிப்பாட்டிப் பிழைக்கிறவள் முகம் சுளிக்கலாமா? சுளிப்பேன்.

ஜூன் 4, புதன்
குளிக்கும்போது பின்தொடையில், நன்றாக மேலே, மச்சம் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. கிள்ளினேன் — காலை ஆட்டுகிறது! பிய்த்து எறிந்தேன். ராத்திரி முழுக்க என்னைக் குடித்திருக்கிறது சனியன். தலை உள்ளேயே நின்றுவிட்டதோ? என் கண்ணுக்குத் தெரியாத இடம். இவரைப் பார்க்கச் சொன்னேன். அறை வாசலில் நின்றே போன் டார்ச்சை அடித்தார்.

"ஒண்ணும் தெரியல. முதல்ல நல்லா குளி."

கட்டின பெண்டாட்டியை, எலி செத்த மூலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஜூன் 5, வியாழன்
கடையில் சொன்னேன். ஓனரம்மா நாய்க்குப் போடும் உண்ணி மருந்தை எடுத்து, என் முடியை விலக்கி, பிடரியில் சொட்டுச் சொட்டாக ஊற்றிவிட்டார். கடித்தது எங்கேயோ, மருந்து எங்கேயோ.

"அங்கதான்டி ஊத்தணும். அங்க வாய் எட்டாது, நக்காது."

நானும் சமர்த்தாகக் குனிந்து காட்டினேன். புத்தி எங்கே போயிற்று?

ஜூன் 7, சனி
பிடரி வெந்து போச்சு. நீர் கோத்து உரியுது. நாத்தம் வேற.

ஜூன் 10, செவ்வாய்
காய்ச்சல். டாக்டர் கழுத்தைப் பார்த்துவிட்டு, "நாய் மருந்தா? எதுக்குப் போட்டீங்க?" என்றார். பக்கத்தில் இவர். தொடை விஷயம் வாயில் வரவில்லை. தலையில் பேன் என்று புளுகிவிட்டேன். எல்லாம் ஒவ்வாமைதான் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்.

இவர் தலையணையோடு ஹாலுக்குக் குடிபோய்விட்டார். என் தட்டு, டம்ளர் எல்லாம் தனி.

ஜூன் 12, வியாழன்
காய்ச்சல் விடல. உள்ளங்கை, உள்ளங்கால் பூரா சிவப்புப் புள்ளி. என்னைப் பார்க்க எனக்கே குமட்டுது. செத்துடுவேனா?

ஜூன் 13, வெள்ளி
நேற்று போனில் அக்காவிடம் எல்லாம் சொல்லி அழுதேன். இன்று வந்துவிட்டாள். "எங்கடி கடிச்சுது? காட்டு." நான் இழுத்து மூட மூட, துணியை விலக்கிப் பார்த்தாள். சுற்றிலும் சிவந்து, நடுவில் கருகின பொருக்காம். கூசாமல் விரலால் தடவினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் லேடி டாக்டரிடம் பேன் கதை உட்பட எல்லாவற்றையும் அவளே போட்டு உடைத்தாள்.

"உண்ணிக் காய்ச்சல்மா. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கிட்னியப் பிடிச்சிருக்கும். இதையா மறைப்பாங்க?"

தொட்டால் ஒட்டாதாம். அதை மட்டும் அக்கா, கூட வந்திருந்த இவர் காதில் விழும்படி இன்னொரு தடவை கேட்டு வாங்கினாள்.

ஜூன் 16, திங்கள்
மாத்திரைக்குக் கேட்கிறது. காய்ச்சல் விட்டது. வாய்க்கு ருசி தெரிகிறது.

ஜூன் 28, சனி
புள்ளிகள் போய்விட்டன. பொருக்கும் உதிர்ந்துவிட்டது. இவர் தலையணையோடு திரும்பி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, என் தோளில் கை வைத்தார்.

"இப்போ எல்லாம் சுத்தமாயிடுச்சுல்ல?"

உடம்பெல்லாம் கூசியது. எழுந்து போய்த் தோளைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன். "நீங்க ஹால்லயே படுத்துக்குங்க" என்றேன்.