சூடு ஆறுமுன் போட்ட யீஸ்ட்

என் பிரியமுள்ள மச்சான்,

நீங்கள் கண்மூடி ஒன்றரை வருசமாகிறது. அக்காவை விட்டுவிட்டுப் போனவருக்கு வீட்டுச் செய்தி சொல்லும் பொறுப்பு தம்பியான எனக்கு. அக்கா நலம். ஹந்தானை மலைப் பக்கம் மழை நிற்கவில்லை, குசினிச் சுவர் இன்னும் ஈரம்தான். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல. உங்களிடம் நான் சொல்லாமல் மறைத்த ஒன்றை, நீங்கள் கேட்க முடியாத நேரத்தில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மாநகரசபையில் முப்பது வருசம் கோப்பு புரட்டிவிட்டு ஓய்வுபெற்ற நீங்கள், கடையில் விற்கும் ஸ்டவுட் என்ற கறுப்பு பியரை அப்படியே வீட்டில் செய்து காட்டுவேன் என்று கிளம்பியபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மெல்பேர்னில் இருந்து உங்கள் மகள் தர்ஷினி பார்லி மால்ட் டின்னும், வறுத்த கறுப்பு மால்ட்டும், வாசத்துக்குப் போடும் ஹொப்ஸும் ஆள் வரும்போதெல்லாம் அனுப்பினாள். ஊர்ச் சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்று நாம் யாரிடமும் விசாரிக்கவில்லை.

முதல் தடவை பேக்கரி யீஸ்டைப் போட்டீர்கள். போத்தலைத் திறந்ததும் பணிஸ் மா புளித்த வாசம். இரண்டாவது தடவை மகள் அனுப்பிய ஏல் யீஸ்ட். அது வேகமாகப் பொங்கி, வாழைப்பழ வாசத்தோடு வந்தது. "ஒரே மால்ட்டுதான் ரவி, யீஸ்ட மாத்தினா வேற பியராயிடுது" என்று பெரிய கண்டுபிடிப்பைப்போலச் சொன்னீர்கள். கடைசியில், குளிரில் மெதுவாக வேலை செய்யும் லாகர் யீஸ்ட்தான் இதற்குச் சரி, கறுப்பு மால்ட்டையும் கூட்ட வேண்டும் என்று முடிவு செய்தீர்கள். அந்த யீஸ்டில் ஒரே ஒரு பக்கற் வந்து சேர்ந்தது.

அன்று காலை மால்ட்டைக் கொதிக்க வைத்து வாளியில் ஊற்றி முடித்த கையோடு உங்களுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் என் கையைப் பிடித்து, வாளி நன்றாக ஆறிய பிறகுதான் யீஸ்டைப் போட வேண்டும், தேர்மாமீற்றரைப் பார்த்துப் போடு என்று இரண்டு தடவை சொன்னீர்கள். நான் தலையாட்டினேன்.

எனக்குக் கெலிஓயாவில் ஒரு கல்யாண வீடு இருந்தது, மச்சான். உடுத்தி முடித்துவிட்டேன். வாளியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. தேர்மாமீற்றரை எடுக்கக்கூட இல்லை. பக்கற்றைக் கிழித்துக் கொட்டி, மூடியை அமுக்கிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன்.

மூன்று நாளாகியும் ஒரு குமிழி இல்லை. அந்தச் சூட்டில் யீஸ்ட் செத்துப்போயிருந்தது. ஐந்தாம் நாள் மேலே வெள்ளைப் படலம் கட்டி, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். அக்கா உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம், முழுவதையும் பின்பக்கக் கழிவுநீர்க் கானில் ஊற்றினேன்.

அப்போதாவது உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம். நீங்கள் திட்டியிருப்பீர்கள், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? கடைக்குப் போய் அதே ஸ்டவுட்டை வாங்கி, குளிர வைத்து, நுரைக்காமல் சாய்த்துச் சாய்த்து உங்கள் போத்தல்களில் நிரப்பி மூடி அடித்தேன்.

மூன்று வாரம் கழித்து நீங்கள் வீடு வந்தீர்கள். அடுத்து வந்த ஒரு ஞாயிறு மதியம் ஒபிஸ் நண்பர்கள் இரண்டு பேரை அழைத்து, ஒரு கிளாஸில் கடைச் சரக்கும் மற்றதில் உங்களுடையதும் ஊற்றி வைத்தீர்கள். எது எது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. எப்படி முடியும்? நீங்களும் இரண்டையும் மாறி மாறிக் குடித்துவிட்டு என்னைத்தான் பார்த்தீர்கள்.

"நீ சரியான நேரத்துல யீஸ்ட் போட்டதுனாலதான் ரவி இது அமைஞ்சிச்சு" என்றீர்கள்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அன்று மாலையே செய்முறையை ஒரு தாளில் எழுதி, படம் பிடித்து மகளுக்கு அனுப்பினீர்கள். இனி இதில் மாற்ற ஒன்றுமில்லை என்று அடியில் எழுதினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் வாளியைத் தொடவில்லை. அக்கா அதில் தண்ணீர் பிடித்து வைத்தாள். நீங்கள் முன்னறைக் கதிரையில் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று ஒருநாள் என்னிடம் கேட்டீர்கள். ஓய்வெடுங்கள் என்றேன்.

ஆண்டுத் திவசத்தன்று அப்பாவின் ஸ்டவுட்டை அங்கே நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று தர்ஷினி அந்தத் தாளை வைத்துச் செய்திருக்கிறாள். கருகிய கோப்பிபோலக் கசந்ததாம். தன் மேல்தான் பிழை என்று நினைத்து எனக்குப் போன் எடுத்தாள். யீஸ்ட் பழசாக இருக்கும் என்றேன். புதிதாக வாங்கிப் போட்டாள். அதே கசப்பு. வேறு வகை யீஸ்ட் போட்டுப் பார் என்றேன். அதையும் செய்தாள். யாரும் ஒருமுறைகூட ருசி பார்க்காத செய்முறை அது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டே அவளை யீஸ்ட் யீஸ்டாக அலையவிட்டேன்.

மூன்றாவது தடவையும் பிழையாகிப்போனபோது நான் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் இருந்தேன். போனில் அழுதாள். "அப்பாவோட கை எனக்கு வரல மாமா" என்றாள். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, ஒரு பூட்டிய கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அதுக்குப் பிறகு அப்பாவுக்கு நாலு மாசம் இருந்துச்சு மாமா. கசக்குதுன்னு தெரிஞ்சிருந்தா கறுப்பு மால்ட்டக் குறைச்சு இன்னொருக்கா போட்டுப் பார்த்திருப்பாரு."

போனை வைத்துவிட்டாள்.

உங்களைச் சந்தோசப்படுத்தினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன், மச்சான். உங்களிடமிருந்து நான் எடுத்தது என்ன என்று அந்தப் பிள்ளை சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அந்த நாலு மாதமும் உங்களுக்குச் செய்ய ஒரு வேலை இருந்திருக்கும். கதிரையில் இருந்து எழும்ப ஒரு காரணம் இருந்திருக்கும். இல்லையா?

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மாவிடம் மாமாவே சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தாள். போனேன். அக்கா போஞ்சிக் காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லி முடித்தேன். அவள் திட்டவில்லை. எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குப் பின்னால் இருந்து, நான் கடைச் சரக்கு நிரப்பிய போத்தல்களில் ஒன்றை எடுத்து வந்தாள். அதில் உங்கள் கையெழுத்தில் 'தர்ஷினிக்கு' என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது. மகள் வரும்போது கொடுக்கச் சொல்லி வைத்தீர்களாம். எனக்குத் தெரியாது.

"இத நீயே எடுத்துட்டுப் போடா. இனி இது இங்க இருக்க வேணாம்" என்றாள்.

இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. திறக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. எனக்கு அதற்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை.

மார்கழியில் தர்ஷினி வருகிறாள். கறுப்பு மால்ட்டைக் குறைத்து ஒரு தடவை போட்டாளாம், கொஞ்சம் கிட்ட வந்திருக்கிறதாம். மிச்சத்தை அப்பாவின் குசினியில் பார்ப்போம், மாமாவும் வாங்க என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு ஆள் தேவை என்று கூப்பிடுகிறாள், அதுவே எனக்கு அதிகம்.

அதற்கு முன் உங்கள் ஒபிஸ் நண்பர்கள் இரண்டு பேரையும் போய்ப் பார்த்து, அன்று அவர்கள் குடித்தது என்ன என்று சொல்லுவேன். மார்கழியில் அவர்களையும் அழைப்போம். புளித்தாலும் சரி, கசந்தாலும் சரி, வாளியில் என்ன வந்ததோ அதையே உங்கள் பெயரைச் சொல்லி அவர்களுக்கு ஊற்றுவேன், மச்சான்.

உங்கள் மனைவிக்குத் தம்பி, உங்கள் மகளுக்குத் தாய்மாமன்,
மச்சினன் ரவி