முதலில் பார்த்தவளுக்கு ஒரு நட்சத்திரம்

அன்புள்ள மாரிக்ரூஸ் அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, உன் அறையில் தங்கியிருக்கும் பெண்ணிடம்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துவிடு. எல்லைக் காவல் பயிற்சியில் நீ நன்றாக இருப்பாய், சுளுக்கிய காலோடு ஓடாதே. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நாய் குட்டி போட்டிருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

லாலோ மாமாவைப் பிடித்துக்கொண்டு போனதை அம்மா போனில் சொல்லியிருப்பாள். எந்தப் போலீஸ்காரன் கண்ணில் பட்டாரோ, அந்தக் கண் அவிந்து போகட்டும் என்று சபித்தும் இருப்பாள். அது போலீஸ்காரன் கண் இல்லை அக்கா, என் கண்.

பள்ளியில் பெனவிடெஸ் சார் நடத்தும், போலீஸ் வேலைக்குப் பழக்கும் வகுப்பு உனக்குத் தெரியாததா. பச்சை உடுப்பில் நீ நிற்கும் படத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார், இவளைப் போல வாருங்கள் என்று தினமும் காட்டுகிறார். பள்ளி வாசலில் வரிசையாக நின்று, சாலையில் போகிற வண்டியில் என்ன கோளாறு என்று யார் முதலில் கத்துகிறார்களோ அவர்களுக்கு நட்சத்திரம் தரும் விளையாட்டும் இன்னும் நடக்கிறது. அந்தப் பழக்கம் நாக்கில் ஊறிவிட்டது. போன வெள்ளிக்கிழமை நிஜப் போலீஸ் வண்டியில் கூடப் போகும் முறை எனக்கு வந்தது. பொழுது சாயும் நேரம், முன்னால் ஒரு லாரி. யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது, இடது பின்விளக்கு எரியவில்லை என்று. அந்த அதிகாரி சிரித்தபடி, கழுகுக் கண்ணு உனக்கு என்று சொல்லி லாரியை நிறுத்த வைத்தார். அது வெங்காயக் கிடங்கு முதலாளியின் லாரி, அன்றைக்கு மாமா ஓட்டிவருவார் என்று நான் கண்டேனா.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே டார்ச்சோடு மறுபக்கம் போய் நின்றேன். மாமா என்னைப் பார்த்தார். உரிமம் இல்லை, இந்த நாட்டில் இருப்பதற்கான எந்தக் காகிதமும் இல்லை. அதிகாரி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இவளைத் தெரியுமா என்று அவரைக் கேட்டார். என் பதினைந்தாவது பிறந்தநாளில் அப்பா இடத்தில் நின்று என்னோடு ஆடியவர், ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்காமல், “இல்ல சார், இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்ல” என்றார். என்னையும் கேட்டார். நானும் தெரியாது என்று தலையை ஆட்டினேன். பிறகு உன் எல்லைக் காவலின் பச்சை உடுப்புக்காரர்கள் வந்தார்கள்.

உனக்கு அந்த வேலை கிடைத்தபோது ஆடு அறுத்து விருந்து வைத்தவர் மாமாதான். “நாளைக்கு என்னப் பிடிக்க வந்தா வெலங்க மெதுவா பூட்டுடி” என்றார், நாமெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. எல்லை தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவதற்குள் நீ அங்கே யாரிடமாவது கேட்டுச் சொல். உன் வேலைக்கு ஆபத்து என்று தெரியும். முடியாதென்றால் முடியாது என்றாவது எழுது, உன் படத்தின் கீழே உட்கார்ந்து அதையாவது நினைத்துக்கொள்கிறேன்.

மாமாவைக் கொண்டுபோனதிலிருந்து செலா அத்தை கைக்குழந்தையோடு இங்கே உன் கட்டிலில்தான் படுக்கிறாள். நாளைக்குப் பெற்றோர் விழா. நட்சத்திரம் வாங்கியவர்கள் மேடையேறி, எதற்காக வாங்கினோம் என்று சொல்ல வேண்டும், நீயும் சொல்லியிருக்கிறாய். அந்தப் பின்விளக்கைக் கண்டதற்கு சார் எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். எதற்குக் கிடைத்தது என்று அத்தை கேட்டாள், நன்றாகப் படித்ததற்கு என்றேன். இந்த வீட்டில் ஒரு நல்ல காரியமாவது நடக்கட்டும், நான் வந்து முன்வரிசையில் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். வரவேண்டாம் என்று எப்படிச் சொல்வேன். மேடையில் பொய் சொன்னால் சார் திருத்துவார், உண்மையைச் சொன்னால்

கதவைத் தட்டுகிறார்கள். அத்தைதான். “தூங்கிட்டியாடி? சட்டைய இஸ்திரி போட்டாச்சு. நட்சத்திரத்தையும் நானே குத்திட்டேன், வந்து போட்டுக் காட்டு” என்கிறாள்