பல் என்று சொன்ன வீக்கம்

சூலூர்,
9 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். உன் கைபேசியில் அழைத்தால் மாமாதான் எடுக்கிறார்; அதனால் நீ பாடம் நடத்தும் பள்ளி முகவரிக்கே அனுப்புகிறேன்.

நேற்று என் ஞானப்பல்லை எடுத்தார்கள். ஈறை அறுத்து, பல்லை உடைத்து, தையல் போட்டார்கள். வாய் மரத்துப்போயிருந்தவரை வீரமாக இருந்தேன். பிறகு காதுவரை வலி. வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை; மோர்ச்சோற்றைக் கரைத்துக் குடிக்கிறேன். "அம்மணி வாய மூடுனது இன்னைக்குத்தான்" என்று அப்பா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆகஸ்டில் நம் பங்குக் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது உனக்கும் இதே பல் எடுத்த வீக்கம்தானே? எப்படித் தாங்கினாய்?

உன்
ஜோஸ்லின்

அந்தியூர்,
13 நவம்பர் 2024

என் செல்ல ஜோஸ்லினுக்கு,

வலி ஏறும் முன்பே மாத்திரையைப் போட்டுவிடு. வெறும் வயிற்றில் வேண்டாம். இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளி. தலையணையை உயர்த்திப் படு. யாராவது வந்தால் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார். பல் என்று சொல். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் அங்கேயே வந்து இருந்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டு எழுது. அம்மாவிடம் வேண்டாம், அழுவாள்.

அன்புடன்
கரோலின்

சூலூர்,
18 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை தையலைப் பிரித்தார்கள். எனக்கு வீக்கம் தாடையோடு நின்றது. உனக்குக் கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் முறுக்கைக் கடித்துத் தின்றாய். தைத்த வாயால் அது முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும். மாமா அடித்திருக்கிறார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா இங்கயே வந்து இருக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "பல்லுன்னே இருந்துட்டுப் போகட்டும், கண்ணு. ஊருக்குள்ள அப்படித்தான் சொல்லிப்போட்டோம். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேருமா வரச் சொல்லு" என்றார்.

அம்மா அடுப்படியில்தான் இருந்தாள். அழவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

நீ தனியாகவே வா, அக்கா. கதவை நான் திறக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து விளக்கை அணைத்துவிட்டார்.