தொப்பையனும் ருக்குவின் இடது கையும்

அக்டோபர் 9

தினம் நடப்பதை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் திவ்யா. வாரம் இருமுறை பொன்னேரியிலிருந்து வந்து என் மனைவி ருக்குவுக்குக் கைப்பயிற்சி கொடுக்கிற பெண். எழுதுவதென்றால் எனக்கு வரிசை வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுதுகளை எண் போட்டு எழுதியே ஓய்வு பெற்றவன். ஆகவே இந்த நோட்டில் வரப்போவது:

1. ருக்குவின் இடது கை. ஆகஸ்டில் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது. கை மட்டும் மடியில் கிடக்கிறது.

2. மகன் ஹேமந்த் வைத்த கெடு. கார்த்திகை மாதம் முடிந்ததும் வேன் கொண்டுவந்து எங்கள் இருவரையும் அம்பத்தூருக்கு அழைத்துப் போய்விடுவான். அதற்குள் அம்மா இரண்டு கையாலும் ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கிக் குடித்துக் காட்டினால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டானாம்.

3. பக்கவாதம் ஏன் வந்தது. பேராசையால் வந்தது. அன்று ஏரிச் சேற்றில் கையால் துழாவி இறால் தடவிக்கொண்டிருந்தவள், விரல் மரத்துப்போவது தெரிந்தும், இன்னும் ஒரு இடம், இன்னும் ஒரு இடம் என்று சேற்றில் முட்டிபோட்டு நகர்ந்துகொண்டே இருந்தாள். வாயில் கவ்விய பறிக்கூடை நிரம்பிவிட்டது. நான் கரையில் நின்று போதும் வா, போதும் வா என்றேன்.

4. என் பயம். இதை எழுத வேண்டுமா என்று தெரியவில்லை.

அம்பத்தூருக்கு வர மாட்டேன் என்கிறாள் ருக்கு. நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 12

திவ்யா கொடுத்த ரப்பர் பந்தை ருக்கு முற்றத்தில் எறிந்துவிட்டாள். "சும்மா அமுக்கினா இன்னா கிடைக்கும்?" என்றாள். அம்மாவுக்குப் பிடித்த மாதிரி விரலுக்கு வேறு வேலை ஏதாவது கொடுங்கள் ஐயா என்று திவ்யா என்னிடம் சொன்னாள்.

பரணில் தேடினேன். ஹேமந்த் பள்ளிக்கூட நாளில் பர்மா பஜாரில் வாங்கிய கேம் பெட்டி கிடைத்தது. செங்கல் போல கனம். நான்கு சின்ன செல் போட வேண்டும். உள்ளே தகடுகள் பச்சை பூத்திருந்தன. வினிகரில் துடைத்தேன். விளக்கு எரிந்தது, பாட்டும் வந்தது.

அதில் வருகிறவன் ஒரு குண்டன். முதுகில் மூட்டை. நல்லவன் என்று சொல்ல முடியாது. திருடர்கள் குகை குகையாக ஒளித்து வைத்த தங்கக்காசை இவன் திருடப் போகிறான், அவ்வளவுதான் கதை. அடிபட்டால் மூட்டையிலிருந்து காசு சிதறும். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. ருக்குவுக்கும் பிடிக்காது என்றுதான் நினைத்தேன்.

"இவன் யாரைக் காப்பாத்தப் போறான்?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்ல. காசு பொறுக்கறான்."

"அப்ப சரி" என்றாள். தொப்பையன் என்று பேரும் வைத்துவிட்டாள்.

பெட்டியின் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி இருக்கிறது. அவனை நடக்க வைப்பது அது. வலப்பக்கம் இரண்டு பொத்தான், குதிக்கவும் இடிக்கவும். வலது அவளுக்குப் பிரச்சினை இல்லை. கூட்டல் குறியை நான் அழுத்துகிறேன், அவளுடைய இடது கட்டைவிரலை என் விரல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு. "அப்டியே இருக்கட்டும் ஐயா. அது மறந்துபோய் கிடக்குது. கூடவே போனா ஞாபகம் வரும்" என்றாள் திவ்யா.

அந்த விரல் ஈரத்துணி போல என் விரல் மேல் கிடந்தது.

அக்டோபர் 14

தொப்பையன் இன்று செத்ததெல்லாம் பள்ளத்தில். எல்லாம் என்னால்.

அக்டோபர் 19

ஒவ்வொரு பள்ளத்தின் முன்னும் நான் நின்றுவிடுகிறேன். தூரத்தைக் கணக்குப் போட்டுத்தானே தாண்ட வேண்டும்? அதற்குள் ருக்கு குதித்துவிடுகிறாள். அவன் நேராக மேலே எழும்பி நின்ற இடத்திலேயே விழுகிறான், பின்னாலிருந்து எவனாவது வந்து குத்துகிறான்.

"ஓட்டுய்யா. செத்தா சாவுறான், அவன் இன்னா உன் மாப்பிள்ளையா?"

ருக்குவின் தங்கை குப்பம்மாள் ஏரியிலிருந்து ஈரப்புடவையோடு வந்து வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவளும் இறால் தடவுகிறவள். "மாமா நடத்துறத பாத்தா தாலுகா ஆபீஸ்ல கையெழுத்துக்கு நிக்கற மாதிரியே கீது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ருக்கு சிரித்து நான் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் வந்தது.

அருவிக் குகை என்று ஒன்று. நகர்ந்துகொண்டே இருக்கும் பலகைகள், கீழே தண்ணீர். வெளியே போகும் கதவு பக்கத்திலேயே இருக்கிறது. நான் கதவை நோக்கிப் போகிறேன். அவள் விட மாட்டேன் என்கிறாள். உச்சியில் ஒரு பெட்டி மின்னுகிறதாம். கதவு எங்கேயும் ஓடிப் போகாது, முதலில் பெட்டிப் பக்கம் திருப்பு என்கிறாள். ஒருமுறைகூட எட்டவில்லை.

கதவு பக்கத்தில் இருக்கும்போது எதற்கு மேலே ஏற வேண்டும்? ஏரியிலும் இதே புத்திதான்.

அக்டோபர் 27

காலையில் விளையாடிக்கொண்டிருந்தபோது ருக்குவின் பேச்சு குழறியது. முகம் சிவந்து, சொல்ல வந்த வார்த்தை நாக்கிலேயே உருண்டது. பெட்டி கீழே விழுந்தது. தெருவுக்கு ஓடினேன், ஆட்டோ கிடைக்கவில்லை. மீன் வியாபாரி தேசப்பன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். பொன்னேரி ஆஸ்பத்திரி வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில்தான் பார்த்தேன், நான் பிடித்திருந்தது உணர்ச்சி இல்லாத கையை.

புதிதாக ஒன்றும் இல்லை, இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரை தவறக் கூடாது என்றார் டாக்டர். விளையாட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஹேமந்த் போனில் பேசினான். "நைனா, இன்னொரு வாட்டி வந்தா அங்க யாரு கீறாங்க? ஆம்புலன்ஸ் பாலம் தாண்டி வரதுக்குள்ள..." என்று நிறுத்திவிட்டான். நான் சரிப்பா என்றேன். எதற்குச் சரி என்று அவனும் கேட்கவில்லை.

எழுதியே விடுகிறேன். எனக்கு அம்பத்தூர் போக வேண்டும். அங்கே ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில்தான் ஹேமந்தின் வீடு. இதை ருக்குவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

நவம்பர் 2

ஐந்தாறு நாளாக அவள் பயிற்சி செய்யவில்லை. என்னோடு பேசவும் இல்லை. திவ்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா ஆசைப்பட்டுச் செஞ்ச ஒரே வேலையையும் நிறுத்திட்டீங்களே என்றாள். பெரிய குரலில் இல்லை. அதுதான் உறைத்தது.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன், மூன்று விதிகளோடு. மாலைக் காப்பிக்குப் பிறகு அரைமணி மட்டும். நான் கூட இருக்க வேண்டும். ஒருமுறை செத்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். ருக்கு ஒரே வார்த்தையில் சரி என்றாள். சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். நிம்மதி.

நவம்பர் 8

வழக்கம்போல மதியம் டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வந்து பார்த்தால், செல்கள் நான்கே நாளில் தீர்ந்துவிட்டன. அரைமணி ஆட்டத்துக்கு இப்படித் தீராது. உள்ளே எங்கோ மின்கசிவு.

நவம்பர் 13

மீண்டும் தீர்ந்துவிட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், கசிவு பிடிபடவில்லை. என் பார்வை போதவில்லையா, மீட்டர் பழசா? தகடுகளை மறுபடி துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அடியில் சிகரெட் அட்டைத் துண்டு வைத்து இறுக்கினேன்.

மழை. திவ்யாவால் வர முடியவில்லை.

நவம்பர் 21

பழுது நீங்கிவிட்டது. போன வாரம் போட்ட செல்கள் இன்னும் புதிதுபோல எரிகின்றன. இந்த வயதிலும் கை வேலை கெட்டுப் போகவில்லை என்று ருக்குவிடமும் குப்பம்மாளிடமும் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். குப்பம்மாளுக்கு இருமல் வந்து எழுந்து வெளியே போய்விட்டாள். ஏரிக் காற்று.

நவம்பர் 26

இடது கை அப்படியே. மாலையில் என் விரல் மேல் வைத்தால் கிடக்கிறது, எடுத்தால் சரிகிறது. மழையால் திவ்யா பயிற்சிக்கு வராமல் மூன்று வாரம் ஆகிறது.

இரண்டு டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். ருக்கு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய புடவைகளை மடிக்கும்போது ஒன்று கேட்டாள்: "அங்க தண்ணி இன்னா, குழாயில வருமா?"

வரும் என்றேன்.

டிசம்பர் 4

மாத்திரை வாங்கப் பொன்னேரிக்கு மதிய பஸ்ஸில் கிளம்பினேன். திருப்பாலைவனத்துக்கு அப்பால் ரோட்டில் தண்ணீர், பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். வீட்டை நெருங்கும்போது கேம் பெட்டியின் பாட்டு கேட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ருக்கு சுவரில் சாய்ந்திருந்தாள். இரண்டு கையிலும் பெட்டி. இடது கட்டைவிரல் கூட்டல் குறியின் மேல். தானாக. மெதுவாகத்தான் நகர்ந்தது, ஒவ்வொரு அசைவுக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டாள், கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் நகர்ந்தது. பக்கத்தில் குப்பம்மாள் இறால் உரித்துக்கொண்டே, மேல போ, மேல போ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அருவிக் குகை. கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

விளக்கு மங்கியது. குப்பம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நான்கு புது செல்லை எடுத்தாள். "இத போட்டுட்டு பழச எடுத்துனு போறேன். மாமா ரிப்பேர் பண்ணது கெட்டுட கூடாது பாரு."

"அந்தாளுகிட்ட சொல்லிடாதடி" என்றாள் ருக்கு. "சொன்னா, விரல் வந்துட்ச்சில்ல, போதும்னு புடுங்கி பீரோல வெச்சிடுவாரு. எனக்கு அந்த உச்சில கீற பெட்டி வேணும்."

நான் உள்ளே போகவில்லை. பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிப் போய், வழக்கமாக வரும் நேரம் வரை மழையில் உட்கார்ந்திருந்தேன். ஏன்? அவளுடைய ரகசியத்தைக் கெடுக்கக் கூடாது என்று மட்டும்தானா? கை வந்துவிட்டால் அம்பத்தூர் இல்லை. நான் சந்தோஷப்படுகிறேனா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் சரியாகத் தெரியவில்லை.

மாலையில் ஆடினோம். அவள் விரல் என் விரல் மேல் செத்ததுபோல் கிடந்தது. நான் பள்ளத்தில் விழுந்தேன். "பரவால்ல உடு" என்றாள்.

டிசம்பர் 16

ஹேமந்த் வேனோடு வந்தான். டிரங்குப் பெட்டிகள் வாசலில். எல்லோரும் காப்பி குடித்து முடித்தோம். பிறகு ருக்கு, "சொம்புல தண்ணி எடுத்துனு வா" என்றாள்.

நிறைய மொண்டு கொடுத்தான். வலது கை பிடித்தது, இடது கை போய்ச் சேர்ந்தது. தூக்கினாள். மார்பு உயரத்துக்கு வந்ததும் இடது முழங்கை ஆட ஆரம்பித்தது. நான் எழுந்துவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டேன். வாய் வரை போயிற்று. குடித்தாள். கீழே வைக்கும்போது புடவை முழுக்க நனைந்திருந்தது.

"பாதி கொட்டிப்போச்சும்மா" என்றான் ஹேமந்த்.

"பாதி குடிச்சேன்ல?"

அவன் என் பக்கம் திரும்பினான். "நீ இன்னா சொல்ற நைனா? நீ சொல்றதுதான்."

இந்த வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பாதி தண்ணீர் தரையில் கிடந்தது, அதைச் சொன்னால் போதும். அக்டோபரில் அவளுடைய நாக்கு உருண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ருக்கு என்னைப் பார்க்கவே இல்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள், இரண்டு கையாலும்.

"வேன அனுப்பிடு" என்றேன்.

"எதனா ஆச்சுன்னா?"

"பயமாத்தான் கீது. அனுப்பிடு."

பெட்டிகளை அவனே உள்ளே கொண்டுவந்து வைத்தான்.

ஜனவரி 8

இனி வாரம் ஒருமுறை வந்தால் போதும் என்று திவ்யா சொல்லிவிட்டாள்.

ருக்கு இன்று குப்பம்மாளோடு ஏரிக்குப் போனாள். முழங்கால் தண்ணீர்தான் என்று திவ்யாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். நான் கரையில் நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். சேறு காலை இழுத்தது. இடது கையை உள்ளே விட்டுத் துழாவி ஒரே ஒரு இறாலை எடுத்தாள். பறியில் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன்.

முதல் பக்கத்தைத் திருத்த வேண்டும். மூன்றாவதாக எழுதியது தவறு. இரத்த அழுத்தம்தான் காரணம் என்று டாக்டர் ஆகஸ்டிலேயே சொன்னார். யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது எனக்கு, அவளுடைய ஆசையின் மேல் போட்டேன். கை எதனால் திரும்பி வந்தது என்று கேட்டால் திவ்யா பயிற்சியால் என்பாள். நானும் அப்படியே எழுதிவிடலாம். ஆனால் அன்று ஜன்னல் வழியாக நான் பார்த்தது பயிற்சி இல்லை.