காலண்டருக்குப் பின்னால் இருந்த சீட்டு

உ

போலகம்
திங்கட்கிழமை

அன்பு மகள் கவியாவுக்கு அப்பா பூமிநாதன் தன் கையாலேயே எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் அந்தப் புனே குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே நம்புகிறோம். இதை யாரிடமோ சொல்லி எழுதி வாங்கினேன் என்று நினைத்துவிடாதே. சனிக்கிழமை ஆரம்பித்தது, இன்றைக்கு மூன்றாம் நாள். தாமரைச்செல்வி டீச்சர் வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, மூச்சு விடும் இடத்தில் கமா போடுங்கள் என்கிறது அந்தப் பெண், நான் எழுதும்போது மூச்சே விடுவதில்லை.

புதன்கிழமை நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. பரீட்சை எழுதி, பத்துப் பேரோடு வட்டமாக உட்கார்ந்து பேசி, நாலு பேர் முன்னால் இன்டர்வியூவும் முடித்த பிள்ளைக்கு, கடைசியில் கம்பெனி விசாரிக்க அனுப்பிய ஆளிடமிருந்து இந்த முகவரியில் இப்படி யாரும் இல்லை என்று ரிப்போர்ட் போனால் அழுகை வராமல் என்ன செய்யும். மறுநாள் ஆறு மணிக்குள் சரியாகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றாய். வியாழக்கிழமை சாயங்காலம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். முழுக் கதையை எழுதித்தான் சொல்வது என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

நீ பேசி முடித்ததும் அம்மா நேரே பக்கத்து வீட்டுச் செல்லத்திடம் போய், நம் வீட்டைத் தேடி யாராவது வந்தார்களா என்று கேட்டாள். செல்லம் பெருமையாக, “வந்தான் அண்ணி, திங்கக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வயலுக்குப் போயிருந்தீங்க. ஒருத்தன் பைக்குல வந்து கவியா வீடு இதானா, எத்தன வருசமா இருக்காங்க, அப்பா என்ன பண்றாரு, குடும்பம் எப்படின்னு கேட்டான். அப்படி ஒரு பொண்ணே இங்க இல்லன்னு வெரட்டி உட்டுட்டேன்” என்றாள். பெண் கேட்டு வருவதற்கு முன்னால் ஊருக்குள் ஆள் விட்டு விசாரிப்பார்களே, அந்த ஆள் என்று நினைத்துவிட்டாள். வேலை கிடைக்கும்வரை யார் பெண் கேட்டு வந்தாலும் நான் இங்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள் அத்தை என்று பொங்கலுக்கு வந்தபோது நீதானே சொன்னாய். வேலை விஷயத்தை உறுதியாகும்வரை வெளியே சொல்ல வேண்டாம் என்று எங்களிடம் சொன்னதும் நீதான். நாங்கள் எல்லோரும் உன் பேச்சை ஒழுங்காகக் கேட்டதால் வந்த வினை இது. செல்லம் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அவளை நீ ஒன்றும் சொல்லாதே.

அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. அப்போதுதான் திங்கட்கிழமை கதவு இடுக்கில் ஒரு சீட்டு கிடந்தது ஞாபகம் வந்தது. எந்தக் காகிதம் வந்தாலும் நீ வந்து படிப்பாய் என்று காலண்டருக்குப் பின்னால் செருகிவிடுவது என் பழக்கம், அதையும் பார்க்காமல் அங்கேயே செருகியிருந்தேன். எடுத்தேன். படித்துச் சொல்ல யாரையாவது கூப்பிடவா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். ராஜ்மோகன், முகவரி விசாரணை, வீடு பூட்டியுள்ளது, தொடர்பு கொள்ளவும் என்று இருந்தது, கீழே நம்பர். விசாரணை என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் நின்றேன்.

போன் செய்தால் காரைக்காலில் இருப்பதாகவும் மறுநாள் நாலு மணிக்கு வருவதாகவும் சொன்னார். வந்தார். இரண்டு மணியிலிருந்தே வாசலில் நின்றிருந்த செல்லம், “பொறந்ததுலேந்து எங்க கவியா இந்த ஊட்லதான் தம்பி இருக்கு, அன்னிக்கு ஒன்னைய மாப்ள ஊட்டு ஆளுன்னு நெனச்சிட்டேன்” என்றாள். அவர் சிரித்து, “எனக்கே ரெண்டு புள்ளைங்க இருக்குங்கக்கா” என்றார். வீட்டோடு சேர்த்து என்னைப் படம் எடுத்தார், டீ கிளாசோடு செல்லமும் அதில் விழுந்துவிட்டாள், உன் கம்பெனியில் அவள் முகமும் இருக்கும்.

கடைசியில் என்னைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார். என் இடது கட்டைவிரலும் தன்னால் நீண்டுவிட்டது, நாற்பது வருஷப் பழக்கம். மடக்கிக்கொண்டு, பேனா கொடுங்க தம்பி என்றேன். ஐந்து எழுத்துதான், ஆனால் உன் வேலை அதில் இருக்கிறது என்ற நினைப்பில் ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிச் சொல்லி எழுதினேன். அவசரமில்லைங்க ஐயா என்று அவர் டப்பாவை மூடிவிட்டார். கோட்டுக்கு மேலேயே நின்றது என் பெயர்.

அப்பா என்ன செய்கிறார் என்று இன்டர்வியூவில் கேட்டதற்கு, ஏழு மாதமாகப் படிக்கிறார் என்று சொன்னாயாமே, அம்மா சொன்னாள். அதை டீச்சரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. வேலையில் சேர்ந்ததும் முதலில் செல்லத்துக்குப் போன் செய். நீ நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் நடந்து, நன்றாக இருக்க வேண்டும் தாயி. ஒன்றை மறந்துவிடாதே. ஆர்டர் வந்தால் போனில் சொல்வதோடு விட்டுவிடாமல் தாளில் எடுத்துத் தபாலில் அனுப்பு. அது இங்கிலீஷில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடியில் உன் கையால் தமிழில் நாலு வரி எழுது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. காலண்டருக்குப் பின்னால் இப்போது ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
பூமிநாதன்
(கையெழுத்து)